சின்னப் பிள்ளைங்களோட மலை ஏற என்ன வாங்கணும், எத வாங்க வேணாம்: அடிக்கடி கேக்குற கேள்விங்க

ஞாயித்துக்கெழம காலையில 7 மணிக்கு பினாங்கு பொட்டானிக்கல் கார்டன் வாசல்ல மகன முதுகுல கட்டிக்கிட்டு நின்னா போதும், யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ வந்து "அக்கா, இது எங்க வாங்குனீங்க, எவ்ளோ, பிள்ள அழாதா"ன்னு கேக்காம போக மாட்டாங்க. எனக்கு ரெண்டு பேரு. பெரியவளுக்கு 6 வயசு, சின்னவனுக்கு 3 ஆகப் போகுது. நாலு வருஷமா ஏறிக்கிட்டு இருக்கோம், அதுல தெரியாத்தனமா வாங்கிப் போட்ட சாமானே ஸ்டோர் ரூம்ல ஒரு பெட்டி நெறைய கெடக்கு. ஒரே பதில வாசல்ல நின்னு மூச்சு வாங்க சொல்றதுக்கு எழுதியே வச்சிடலாம்னு தோணுச்சு.

நெட்ல வர்ற லிஸ்ட்ட பாத்து அப்படியே வாங்கிடலாமா?

எந்த ஊருக்காரங்க எழுதுனதுன்னு மொதல்ல பாருங்க. பாதி லிஸ்ட்டு குளிர் நாட்டுக்குன்னு எழுதுனது, உள்ளுக்கு ஒரு கம்பளி, அதுக்கு மேல ஒரு ஜாக்கெட், அதுக்கும் மேல இன்னொன்னுன்னு போகும். நம்ம ஊர்ல காலையிலேயே வேர்த்து ஊத்துது, காத்துல ஈரம் அதிகம்ங்கிறதால வேர்வ காயவும் காயாது, மத்தியானம் ஆனா இடியோட மழ, கீழ அட்ட, மேல கொசு, பக்கத்துல கொரங்கு. அதனால நான் எந்தச் சாமான் எடுத்தாலும் கேக்குறது ஒரே கேள்விதான், இது நனைஞ்சா என்ன ஆகும்? கனத்துப் போகும், காய ரெண்டு நாளாகும்னா கடையிலேயே வச்சிட்டு வந்துடுவேன். இந்தப் புத்தி வர்றதுக்கு முன்னாடி மகளுக்கு ஒரு தடிச்ச ஜாக்கெட் வாங்குனேன், புக்கிட் பெண்டேராவுக்காக, அதான் பினாங்கு மலை. உச்சி 833 மீட்டர்தான், கீழ இருக்குறத விட ஒரு 5 டிகிரி கம்மியா இருக்கும், அவ்ளோதான். அந்த ஜாக்கெட் ஒரு தடவ கேமரன் மலைக்குப் போயிட்டு வந்துச்சு, இப்ப பெட்டியில தூங்குது.

காலணி எப்படி அளவு பாக்குறது? பிள்ள "ஓகே, ஓகே"ன்னுதான் சொல்லுது.

சின்னப் பிள்ளைக்கு ஷூ பிடிச்சிருந்தா ரெண்டு நம்பர் சின்னதா இருந்தாலும் ஓகேன்னுதான் சொல்லும், லைட்டு எரியுற ஷூவா இருந்தா கேக்கவே வேணாம். நான் பண்றது இது: ஒரு அட்டைப்பெட்டி துண்டுல பிள்ளைய நிக்க வச்சு பாதத்த சுத்தி பென்சில்ல வரைஞ்சு, நீளமான வெரலுக்கு முன்னால ஒரு செண்டிமீட்டர் கூட விட்டு வெட்டிக்குவேன். கடையில அந்த அட்டைய ஷூவுக்குள்ள போட்டா மடங்காம உக்காரணும். ரெண்டு காலும் வரையுங்க, என் மகளுக்கு எடது கால் கொஞ்சம் பெரிசு. சாயங்காலம் போய் வாங்குனா நல்லது, நாள் முழுக்க ஓடியாடுன கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், மலையிலயும் அப்படித்தான் இருக்கப் போகுது.

ஏறும்போது எல்லா ஷூவும் நல்ல ஷூதான், எறங்கும்போதுதான் அதோட உண்மையான கொணம் தெரியும். பெருவெரல் முன்னால போய் முட்டிக்கிட்டே இருந்தா நகம் கறுத்துடும், பிள்ள அத சொல்லத் தெரியாம "தூக்கு, தூக்கு"ன்னு அழும், நம்ம சோம்பேறித்தனம்னு திட்டுவோம். அதனால கடையில சரிவு ஏதாவது இருந்தா, வீல்சேர் பாதையா இருந்தாலும் பரவால்ல, அதுல மேலயிருந்து கீழ நடக்க விட்டுப் பாருங்க. குதிகால் தூக்கிக்கிட்டு வரக்கூடாது. அடிப்பாகத்துல பல்லு ஆழமா இருக்கணும், ஆனா முன்பாதி கையால வளைச்சா வளையணும், கட்ட மாதிரி இருந்தா பிள்ள வாத்து மாதிரி நடக்கும். கணுக்கால் மூடுன பூட்ஸ் தேவையான்னு கேட்டா, நம்ம நடக்குற ரெண்டு மூணு மணி நேரப் பாதைக்கு தேவையில்லன்னுதான் சொல்வேன். தண்ணி புகாத ஷூவும் வேணாம், மழ மேல வழியாதானே உள்ள போகுது, போன தண்ணி வெளியவே வராது, உள்ள ஒரு குளம் கட்டிக்கிட்டு நடக்க வேண்டியதுதான்.

பழைய ஸ்கூல் ஷூ போதாதா?

பார்க்குக்குப் போதும். ஒரு வருஷம் தேய்ஞ்ச ஸ்கூல் ஷூவுக்கு அடிப்பாகம் கண்ணாடி மாதிரி ஆயிடும், பாசி பிடிச்ச சிமெண்டுப் படியில வச்சா சர்ருன்னு போகும். ஸ்கூல் காலுறையும் பருத்தின்னா அதுவும் வேணாம், ஈரமாச்சுன்னா சுருண்டு கொப்புளம் போடும். ஃபுட்பால் காலுறை வாங்குங்க, பசார் மாலாம்லயே (ராத்திரிச் சந்தை) கெடைக்கும், முட்டி வரைக்கும் வரும், அந்த நீளத்துக்கு வேற ஒரு உபயோகமும் இருக்கு, கீழ அட்டையப் பத்தி சொல்லும்போது சொல்றேன்.

அடிடாஸ் கம்போங் பிள்ளைங்களுக்கு நல்லதா?

இத கேக்காத ஆளே இல்ல. தெரியாதவங்களுக்கு: பால்மரம் வெட்டுறவங்க காலங்காலமா போடுற கறுப்பு ரப்பர் ஷூவுக்கு மலேசியாக்காரங்க கிண்டலா வச்ச பேரு அது, அந்தக் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. என் மாமியார் கெடா பக்கம் எஸ்டேட்டுல பால் வெட்டுனவங்க, நான் முன்னூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஷூ வாங்கிட்டு வந்து பெருமையா காட்டுனப்போ திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இதுல மண்ணு ஒட்டுனா எப்படிம்மா கழுவுவ"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. நியாயமான கேள்வி. சேத்துல அந்த ரப்பர் ஷூ கவ்வுற மாதிரி விலை ஒசந்த ஷூ பல கவ்வாது, குழாயத் தொறந்து விட்டா அஞ்சு நிமிஷத்துல சுத்தம். கொற என்னன்னா உள்ள மெத்து கெடையாது, காத்துப் போகாது, தார் ரோட்டுல நடந்தா பாதம் வலிக்கும். கார்டன்லருந்து உச்சிக்குப் போற ஜீப் ரோடு முழுக்க கெட்டி ரோடு, சுமார் 5 கிலோமீட்டர், அதுக்கு இது ஆகாது. தெலுக் பஹாங் தேசியப் பூங்கா மாதிரி மண்ணும் வேருமா இருக்குற பாதைக்கு அருமை. உள்ள ஒரு மெத்தைத் துண்டு வெட்டிப் போட்டு, தடிச்ச காலுறையோட போட்டு விடுங்க. மகனுக்கு நான் கேட்ட கடையில சைஸ் இல்ல, மகளுக்கு கெடைச்சுது.

அண்ணன் பிள்ளையோட பழைய ஹைக்கிங் ஷூ புதுசாவே இருக்கு, போட்டு விடலாமா?

இத கொஞ்சம் நீளமாவே சொல்றேன் ஏன்னா நான் அடி வாங்குன எடம். அண்ணன் மகன் ரெண்டே தடவ போட்ட ஷூ, பெட்டியில அஞ்சு வருஷம் பத்திரமா வச்சிருந்து குடுத்தாங்க, பாக்க புத்தம் புதுசு. ஜீப் ரோட்டுல பாதி வழிக்குக் கிட்ட போயிருப்போம், மக "அம்மா, கால்ல கேக்கு கொட்டுது"ன்னா. குனிஞ்சு பாத்தா நெசமாவே கேக்குத் தூள் மாதிரி ஷூவோட நடு அடுக்கு உதுந்துக்கிட்டு இருக்கு, விரலால தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, அடுத்த வளைவுல அடிப்பாகம் முழுசா வாயப் பொளந்துருச்சு. தலைமுடி ரப்பர் பேண்டு நாலு போட்டுக் கட்டி, வீட்டுக்காரர் அவளத் தூக்க, நான் சின்னவன முதுகுல போட, அப்படியே எறங்குனோம்.

அப்பறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், நெறைய ஷூவுக்கு நடு அடுக்கு பாலியூரித்தேன்ல செய்றாங்க, அது காத்துல இருக்குற ஈரத்த இழுத்து இழுத்து உள்ளுக்குள்ளயே சிதைஞ்சு போயிடும், சூடும் ஈரமும் சேந்த நம்ம ஊர் அதுக்கு எமன். போடாம பெட்டியில வச்சிருந்தா தப்பிக்கும்னு நெனைக்காதீங்க, வருஷம் ஆக ஆக அதுபாட்டுக்கு கெட்டுப்போகும். பழசு வாங்குனா, செகண்ட் ஹேண்டா இருந்தாலும் சரி சொந்தக்காரங்க குடுத்தாலும் சரி, கட்டைவெரலால நடு அடுக்க நல்லா அமுக்குங்க, மேலயிருந்து கீழ வளைச்சுப் பாருங்க. விரிசல் விட்டாலோ, அமுக்குன குழி திரும்பி வரலன்னாலோ, ஒட்டுனாலோ நன்றி சொல்லி வாங்கி வச்சுக்கிட்டு மலைக்கு மட்டும் போடாதீங்க.

துணிக்கு என்ன?

சீக்கிரம் காயுற டிரை-ஃபிட் ஜெர்சி, தொளதொளன்னு. அவ்ளோதான் பெரும்பாலும். பருத்தி டீ-ஷர்ட்டு வேர்வையில நனைஞ்சு ஒட்டிக்கிட்டு அக்குள் கழுத்தெல்லாம் உராஞ்சு செவந்துடும். ஸ்விம்மிங் கிளாஸுக்கு வாங்குன முழுக்கை சட்ட வீட்ல இருக்கும், அது இறுக்கமா இல்லன்னா அதையே போடுங்க, வெயிலுக்கும் பாதுகாப்பு, சட்டுன்னு காயும். பேண்ட் முழு நீளம், மெல்லிசா. வெளிறுன கலர் எடுங்க, அட்ட ஏறுனா கண்ணுக்குத் தெரியும், கொசுவும் கறுப்புக்குத்தான் அதிகமா வருது. பண்டில் கடையில (பழைய துணிக் கடை) பத்து வெள்ளிக்குள்ள நல்ல ஜெர்சி பொறுக்கலாம்.

ஒன்னு மட்டும். ரெண்டு செட் மாத்துத்துணி, துண்டோட, காடியிலேயே (கார்லயே) விட்டுட்டுப் போங்க. நான் வாங்குன எல்லாத்தையும் விட எங்க பயணத்தக் காப்பாத்துனது காடி டிக்கியில இருந்த அந்தப் பழைய பைதான்.

ரெயின்கோட்டா, போஞ்சோவா?

நடக்குற பிள்ளைக்கு கை வச்ச ரெயின்கோட். போஞ்சோன்னா கை இல்லாம போர்வ மாதிரி தொங்குற மழைக்கோட்டு, அத போட்டா கீழ் ஓரத்த மிதிச்சு விழும், எறங்கும்போது தன் காலே தெரியாது. முதுகுல பிள்ளைய சுமக்குற பெரியவங்களுக்கு போஞ்சோ நல்லது, ரெண்டு பேரையும் சேத்து மூடும், ஆனா உள்ள பிள்ளைக்கு காத்து போகுதான்னு கைய விட்டுப் பாத்துக்கிட்டே இருங்க. மழையில நனையுறதுக்கு நான் அவ்ளோ பயப்பட மாட்டேன், நனைஞ்சதுக்கு அப்பறம் உச்சியில காத்து அடிச்சா சின்ன ஒடம்பு சீக்கிரம் ஆறிப்போயிடும், உதடு நெறம் மாறும், நடுங்கும், அப்பத்தான் பையில ஒரு காஞ்ச ஜெர்சி இருக்கணும். குப்பைப் பைய பைக்குள்ள உறை மாதிரி போட்டு அதுக்குள்ள துணிய வைங்க, தனியா வாட்டர்ப்ரூஃப் பை வாங்க வேண்டியதில்ல. இடி கேட்டுச்சுன்னா எந்த ரெயின்கோட்டும் ஒதவாது, திரும்பிடுங்க. கடைசி இடிக்கு அப்பறம் அர மணி நேரம் சுவர் இருக்குற கட்டடத்துக்குள்ளயோ காடிக்குள்ளயோ இருங்க, தனி மரத்தடி வேணாம். காலையில சீக்கிரம் கெளம்பி மத்தியானத்துக்குள்ள காடிக்கு வந்துட்டா இந்தப் பிரச்சின பாதி வராது.

முதுகுல சுமக்குற கேரியர் எத்தன மாசத்துலருந்து? எது வாங்கலாம்?

ரெண்டு வகை இருக்கு. துணியில செஞ்சது ஒன்னு, அலுமினியச் சட்டம் வச்சது ஒன்னு. சட்டம் வச்சதுல பிள்ள தானா நிமிந்து உக்காரணும், தல ஆடக்கூடாது, சுமாரா ஆறு மாசத்துக்கு மேல, அதுவும் லேபிள்ல போட்டிருக்குற கொறஞ்ச எடைக்கு வந்திருக்கணும். அதிகபட்ச எடையும் பாருங்க, பல மாடல்ல 22 கிலோன்னு போட்டிருப்பாங்க, அது பிள்ள மட்டுமா, இல்ல கேரியரும் தண்ணியும் பேம்பர்ஸும் சேத்தான்னு சின்ன எழுத்துல இருக்கும். கேரியர் காலியாவே மூணு கிலோ கிட்ட வரும். என் மகன் 13 கிலோ, தண்ணி ரெண்டு கிலோ, கணக்குப் போட்டுக்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா கட்டிப் பாக்கணும், கடையில பிள்ளையையும் உள்ள உக்கார வச்சு. எடை இடுப்புல எறங்கணும், தோள்ல இல்ல. தைப்பூசத்துக்கு பெரிய காவடி எடுக்குறவங்கள கவனிச்சுப் பாருங்க, அவ்ளோ பெரிய சட்டத்த இடுப்பு பெல்ட்டுல உக்கார வச்சுத்தான் அத்தன தூரம் நடக்குறாங்க, தோள் சும்மா சாயாம பிடிக்கத்தான். அதே கணக்குதான் இங்கயும். இடுப்பு பெல்ட்ட எலும்புக்கு மேல இறுக்கிக் கட்டிட்டு, தோள்பட்டைக்கு அடியில ரெண்டு விரல் விட்டா லேசா போகணும். வீட்டுக்காரர் என்ன விட ஒரு அடி ஒசரம், முதுகு நீளத்த மாத்துற வசதி இருக்குற மாடல் எடுத்ததாலதான் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தூக்க முடியுது.

துணி கேரியர் விலை கம்மி, மடிச்சு வச்சுக்கலாம், தூங்குற கைப்பிள்ளைக்கு அதுதான் சுகம். ஆனா நம்ம சூட்டுல ரெண்டு ஒடம்பும் ஒட்டிக்கிட்டு அம்மா முதுகு வேர்வ முழுக்க பிள்ள நெஞ்சுல, வேர்க்குரு வந்துடும். ஒரு மணி நேரத்துக்கு மேல போறதா இருந்தா சட்டம்தான், நடுவுல காத்து போகும், மேல வெயில் மறைப்பு இருக்கும். அந்த மறைப்பு ஒங்க தலைக்கு மேல ஒரு முழம் நீட்டிக்கிட்டு இருக்கும்ங்கிறத மறந்துடாதீங்க, நீங்க குனிஞ்சு தப்பிச்ச கெளையில பிள்ள முட்டிக்கும். எந்த வகையா இருந்தாலும் தொட விரிஞ்சு முட்டி இடுப்பு ஒசரத்துக்கு வரணும், தொங்கக்கூடாது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ எறக்கி விடுங்க, கால் மரத்துப்போகும். கீழ வைக்கும்போது ஸ்டாண்டு முழுசா திறந்துச்சான்னு பாத்துட்டு சமமான எடத்துல வைங்க, வச்சாலும் கைய எடுக்காதீங்க.

வாடகைக்கோ கடனுக்கோ கெடைச்சா ஒரு வாரம் எடுத்துப் பாத்துட்டு அப்பறம் வாங்குறதுதான் புத்தி. நாங்க தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியிலதான் ஒத்திகை பாத்தோம், கோயில் வேலையும் முடிஞ்சுது. கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்தா பத்துமலை 272 படி.

அட்டைக்கு என்ன போட்டு விடுறது?

நெருக்கமா நெய்த துணியில முட்டி வரைக்கும் வர்ற அட்டைக் காலுறை விக்குது, பேண்ட்ட உள்ள விட்டு மேல கட்டிக்கணும். சின்ன சைஸ் கெடைக்கிறது கஷ்டம். அதுக்குத்தான் அந்த ஃபுட்பால் காலுறை, பேண்ட் ஓரத்த உள்ள சொருகி விடுங்க. முழுசா தடுக்காது, பின்னல் ஓட்ட வழியா மெல்லிசு அட்ட நொழையும், ஆனா நேரா தோலுக்கு வராம கொஞ்சம் தாமதம் ஆகும், அதுக்குள்ள பாத்துடலாம். மழ பேஞ்ச மறுநாள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ நின்னு கால் பாக்குறத ஒரு வெளையாட்டா ஆக்கிட்டோம், யார் கால்ல மொதல்ல கண்டுபிடிக்கிறதுன்னு.

கடிச்சிட்டா பிச்சு இழுக்காதீங்க. மாமியார் காலத்துல பொயல சாறும் சுண்ணாம்பும்தான், ஆனா உப்பு, நெருப்பு எல்லாம் வச்சா அது குடிச்சத காயத்துக்குள்ளயே கக்கிடும்னு சொல்றாங்க. மெல்லிசா இருக்குற வாய்ப் பக்கம் நகத்த தோலோட ஒட்டி வச்சு பக்கவாட்டுல தள்ளுனா விட்டுடும். ரத்தம் நிக்க நேரமாகும், அதோட எச்சில் ரத்தத்த உறைய விடாது, பயப்பட வேணாம், கழுவி அமுக்கிப் பிடிச்சு பிளாஸ்டர் போடுங்க. மக மொதல் தடவ கத்துன கத்துல எதுத்தாப்புல வந்த அங்கிள் பாம்புன்னு நெனச்சு ஓடிவந்தாரு.

கொசு மருந்து, சன்ஸ்க்ரீன், எது மொதல்ல?

சன்ஸ்க்ரீன் மொதல்ல, அது ஊறுனதும் கொசு மருந்து. ரெண்டும் கலந்து ஒரே டப்பாவுல வர்றது வேணாம், சன்ஸ்க்ரீன திரும்பத் திரும்ப பூசணும், கொசு மருந்த அப்படி பூசக்கூடாது. டெங்கி இருக்குற ஊர்ல மருந்து இல்லாம போறது சரியில்ல. டீட் (DEET, கொசுவ விரட்டுற ரசாயனம்) இருந்தா 30 சதவீதத்துக்குள்ள, ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேணவே வேணாம். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் இயற்கையானதுதானேன்னு மூணு வயசுக்குள்ள பூசாதீங்க. ஒங்க கையில எடுத்து பூசுங்க, பிள்ளையோட உள்ளங்கையில வேணாம், அது நேரா வாய்க்குத்தான் போகும். ஆறு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு சன்ஸ்க்ரீன் பதிலா நிழல், தொப்பி, முழுக்கை.

பிள்ளைக்கு தனியா பை வேணுமா?

வேணும், ஆனா பேருக்குத்தான். ஒடம்பு எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல வேணாம், 15 கிலோ பிள்ளைக்கு பையோட சேத்து ஒன்னர கிலோ. நெஞ்சுக்கு குறுக்க ஒரு பக்கிள் இருக்கணும், இல்லன்னா தோள்லருந்து நழுவிக்கிட்டே இருக்கும். மக பையில ஒரு விசில், சின்ன தண்ணி போத்தல், போற வழியில பொறுக்குற கல்லும் எலையும். விசில் நெசமா முக்கியம், காணாம போனா நின்ன எடத்துலயே நின்னு மூணு தடவ ஊதணும்னு பழக்கியிருக்கோம். சும்மா ஊதுனா பறிமுதல்.

பிளாஸ்டிக் பையில சாப்பாடு கொண்டு போகாதீங்க, சத்தத்தக் கேட்டாலே கொரங்கு வந்துடும். கார்டன்ல இருக்குற நீண்டவால் கொரங்குக்கு செவப்பு பிளாஸ்டிக் பைன்னா தாப்பாவ் (பார்சல் சாப்பாடு)னு தெரியும். ஒரு பிள்ள கையில இருந்த பன்ன பிடுங்குனத கண்ணால பாத்தேன். எல்லாம் ஜிப் போட்ட பைக்குள்ள.

தண்ணி எவ்ளோ, டார்ச் தேவையா?

நாங்க நாலு பேரு மூணு மணி நேரத்துக்கு நாலு லிட்டர். பிள்ளைக்கு தாகம்னு கேக்கத் தெரியாது, நின்னா ரெண்டு மொடக்கு. டார்ச் காலைப் பயணத்துக்கும் எடுத்துட்டுப் போங்க, தலையில மாட்டுறது, ஏன்னா பிள்ள கைய பிடிக்க ஒங்களுக்கு ரெண்டு கையும் வேணும். வெளிய ஏழர வரைக்கும் வெளிச்சம் இருந்தாலும் மரத்தடியில அதுக்கு ரொம்ப முன்னாடியே இருட்டிடும். ஃபோன் பேட்டரி அவசரத்துக்கு 999 அடிக்க வேணும், வெளிச்சத்துக்கு செலவு பண்ணாதீங்க.

கையில 300 வெள்ளிதான் இருக்கு, எதுக்கு செலவு பண்றது?

மொதல்ல பிள்ள ஷூ, ரெண்டாவது ரெயின்கோட், மூணாவது தல டார்ச். மிச்சம் எல்லாம் வீட்லயே இருக்கு. நடக்கத் தெரியாத பிள்ளைன்னா மத்ததெல்லாம் விட்டுட்டு நல்ல கேரியர் பழசுல தேடுங்க, பக்கிள், தையல், சட்டத்துல வெடிப்பு மூணையும் தடவிப் பாத்து வாங்குங்க.

புது ஷூவ போடவே மாட்டேங்குறான், என்ன பண்றது?

மலைக்குப் போற அன்னைக்கு காலையில பெட்டியத் திறக்காதீங்க. ரெண்டு வாரம் முன்னாடியே குடுத்துடுங்க, வீட்டுக்குள்ள, மாமாக் கடைக்கு (பக்கத்து சாப்பாட்டுக் கடை), மாடிப்படிக்கு போட்டுக்கிட்டு அலையட்டும். என் மகன் மூணு நாள் தொடவே இல்ல. நாலாவது நாள் அக்கா அத எடுத்து பொம்மைக்கு போட்டு விட்டா. அன்னைக்கு ராத்திரி ஷூவோடதான் தூங்குனான், கழட்டப் போனா முழிச்சுக்கிட்டான், அதனால பாய விரிச்சு அப்படியே விட்டுட்டோம்.